ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும்

"ஒயரை எலி கடிக்குமப்பா. கழட்டி வெக்குமாக்கும்?"

மேஜைக்கடியில் குப்புறக் கிடந்த ரசாக்கிடம் கேட்டார் கோவிந்தராஜுலு. நாற்காலியை அவன் காலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன் கையை எங்கெங்கே கொண்டுபோகிறான் என்று பார்க்க வேண்டாமா?

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். தோட்டத்து வேலியோரக் கேமரா பிடிக்கிற படம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். பெங்களூரில் இருக்கும் மகன் ஆதர்ஷ் சொன்ன ஏற்பாடு அது. கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து ரசாக்கை அனுப்பியதும் அவன்தான்.

மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, விடிந்தால் வம்பு. ஒரு டிஸ்க்கைக் காணோம் என்று திரை சிவப்பாகக் கத்தும். ரசாக் கிணத்துக்கடவுக்கு வண்டியை விரட்டிக்கொண்டு வருவான். பார்த்தால் பின்னால் ஒரு ஒயர் கழன்று தொங்கும்.

ஒயரை மாற்றினான். சொருகுகிற இடத்தை மாற்றினான். டிஸ்க்கையே மாற்றிப் பார்த்தான். மறுநாள் மறுபடியும் தொங்கியது.

இவனே லொடலொடவென்று மாட்டிவிட்டுப் போகிறான் என்பது கோவிந்தராஜுலுவின் முடிவு. இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ச்செல்வன் இவனைக் கைக்குள் போட்டிருக்க வேண்டும்.

தமிழ்ச்செல்வன் எதற்கும் துணிந்தவன். கோவிந்தராஜுலுவின் வேலியோரத்துக் குட்டை மரங்களில் இளநீர் குலை குலையாகக் காணாமல் போனது வேறு யார் வேலை? டீக்கடையில் ஊரே கேட்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் படம் போட்டுக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது.

இன்று சனிக்கிழமை.

"மாட்டியாச்சுங்க." ரசாக் எழுந்து தலையில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டினான். "உங்க படம் பத்தரமா இருக்குதான்னு ஒருக்கா பாத்துக்குங்க."

கோவிந்தராஜுலு இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெட்டியைத் தொட்டால் எதையாவது அழித்துவிடுவோம் என்று விட்டுவைத்திருந்தார். நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

திரையில் திங்கட்கிழமை விடியல். வேலி. இந்தப் பக்கம் அவர் மரம், அந்தப் பக்கம் தமிழ்ச்செல்வன் மரம். நடுவில் ஒரு தொரட்டி எழும்பியது.

"மாட்டுனாம் பாரு," என்றார்.

தொரட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. தமிழ்ச்செல்வன் மரத்துக் குலையைக் கொக்கி போட்டு இழுத்தது. பனியன் போட்ட ஓர் ஆள் குலையை வேலிக்கு இப்பால் தூக்கிப் போட்டு, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கேமராவுக்கு நேராக நின்று ஒரு காயைச் சீவிக் குடித்தார்.

கோவிந்தராஜுலுவுக்கு நினைவு வந்தது. ஒரே ஒரு நாள், போனதற்கு ஈடாக எடுத்தது. அதற்குப் பேர் திருட்டா? திருடனுக்கு வைத்த கேமரா வைத்தவனையும் பிடிக்கும் என்று ஒரு பயலும் அவரிடம் சொல்லவில்லை.

ரசாக் படத்தை ஓட்டினான். செவ்வாய்க்கிழமையும் அந்தப் பனியன் வந்தது. புதனும் வந்தது. வியாழக்கிழமை சாக்கோடு வந்தது.

தமிழ்ச்செல்வனும் ஒரு நாள் வந்தான். தன் மரத்தை அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போனான்.

ரசாக் இப்போது உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது வேற ஆளு," என்றார் கோவிந்தராஜுலு.

"ஆமாங்க."

கோவிந்தராஜுலு நாற்காலியை ரசாக் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஏப்பா, இந்த டிஸ்க்கு போச்சுன்னு வெய்யி. அந்த இன்னொண்ணுல யாரு இருக்கறா?"

"அதே ஆளுதானுங்க. அதுக்குத்தானுங்க ரெண்டு."

சமையலறை நிலைப்படியில் அவர் மனைவி ராமாமணி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. மோர் டம்ளரை ரசாக்கிடம் நீட்டினாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரின் முதுகைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க தம்பி, அப்ப நானு ரெண்டு ஒயரையும் புடுங்கியிருக்கோணுமா?"