அண்ணன் குடிச்ச மாதிரியே

கண்ணாயி கிளாஸில் நான்கு மூடி விஸ்கி ஊற்றினாள். அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு ஸ்பூன் மலைத்தேன் விட்டாள். நுணுக்கிய மிளகைத் தூவினாள்.

"நல்லாக் கலக்குங்க அண்ணி. ருசி கொறைஞ்சா அண்ணனுக்குப் புடிக்காது" என்று அடுப்படி வாசலில் நின்று சிரித்தான் கொழுந்தன் பொன்னன்.

அவளுக்கா தெரியாது? ருசி குறைந்த நாளெல்லாம் கிளாஸ் அவள் முகத்துக்குத்தான் பறந்து வரும். நெற்றித் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"படையல் முடிஞ்சதும் ஊட்டுச் சாவியக் குடுத்துட்டு, சேந்தமங்கலம் பஸ்ஸப் புடிச்சு உங்க அம்மா ஊட்டுக்குப் போயிருங்க. மிளகுத் தோட்டத்த நான் பாத்துக்கறேன்."

கண்ணாயி, மாலை போட்டிருந்த கணவனின் படத்தைப் பார்த்தாள். சென்றாயன் செத்து இன்றோடு முப்பது நாள். நெஞ்சுவலி என்றுதான் ஊரே பேசிக்கொண்டது.

"படையல் வெச்ச சரக்க யாருங்க தம்பி குடிக்கிறது?"

"கூடப் பொறந்தவன் நாந்தான் குடிக்கோணும். அதுதான் எங்க ஊட்டு வழக்கம். அண்ணன் கடைசியாக் குடிச்சானே, அச்சு அசலா அதே மாதிரி இருக்கோணும். ஒண்ணு கொறைஞ்சாலும் அவன் ஆவி சும்மா உடாது, சொல்லிட்டேன்!"

"கடைசியாக் குடிச்ச மாதிரியேவாங்க?"

"அட, அப்படியேதாங்கறேன்!"

கண்ணாயி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"சரிங்க தம்பி. நீங்க போயி எலையப் போடுங்க."

அவன் நகர்ந்ததும், மிளகு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுப் பூச்சிமருந்துப் புட்டியை எடுத்தாள். போன மாதம் ஊற்றியது போகப் பாதி மிச்சமிருந்தது.