எங்கிருந்து அளப்பது?

"சிம்போராசோ அப்பா மேகத் தொப்பியைக் கழற்றட்டும். பெரியவர் முகம் தெரியாம என்ன கல்யாணப் படம்?" என்றார் பெண்ணின் தந்தை குவாமான். ரியோபாம்பா சர்ச் வாசலில் எல்லோரும் சிம்போராசோ மலையைப் பார்த்து நின்றார்கள்.

அவர் மாப்பிள்ளையை மடக்கினார். "உலகத்துலயே ஒசந்த மலை எது? தப்பாச் சொன்னா படத்துல நீங்க கிடையாது."

"இதுதான் மாமா."

"எனக்குப் பயந்தா?"

"கணக்கு மாமா. கடல்ல இருந்து அளந்தாத்தான் எவரெஸ்ட். பூமியோட நடுவுல இருந்து அளந்தா நம்ம அப்பாவை யாரு மிஞ்சுவா?"

"வாங்க மாப்ளே, என் பொண்ணு சீசா பக்கத்துல நில்லுங்க!"

மேகம் விலகியது. படம் எடுத்து முடித்ததும் மாப்பிள்ளையின் கைபேசி ஒலித்தது. எவரெஸ்ட் அடிவாரத்து வீட்டிலிருந்து அவனுடைய அப்பா.

"எந்த மலை ஒசந்ததுன்னு அவங்களுக்குச் சொன்னியாடா?"

"அடிச்சுச் சொல்லிட்டேன்பா."