விழுந்த பிறகு

"கழுத்தை நல்லாப் பிடிங்க. இன்னும் இறுக்கமா."

அவர் அந்த இளம்பெண்ணைச் சுவரோடு சேர்த்து அழுத்தினார். அவள் கண்கள் செருகத் தொடங்கியதும் கையை உதறிக்கொண்டு விலகினார்.

"என்னால ஆகாது வக்கீலம்மா. பொம்பளைப் பிள்ளைங்களைப் பெத்தவன் நான். டைப் அடிக்கத்தான் சம்பளம் வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு குமாஸ்தா டைப் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கு கோர்ட்ல அரசு வக்கீல் இதைவிட மோசமா நெரிப்பார். இங்கேயே பழகட்டும்" என்ற வக்கீலம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "சொல்லும்மா. அப்புறம்?"

"மூச்சு முட்டுச்சுக்கா. மேசைமேல துழாவினேன். இஸ்திரிப் பெட்டிதான் கையில சிக்குச்சு. அடிச்சேன், அவர் விழுந்துட்டார். பெட்டியை அங்கேயே போட்டுட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்கு ஓடிட்டேன். போலீஸ் வர்ற வரைக்கும் கதவைத் திறக்கலை."

வாசலோர நாற்காலியில் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தாள். செத்தவன் அவளுக்கு ஒரே மகன். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று போலீஸிடம் சொல்லியிருந்தாள்.

வக்கீலம்மாவுக்கு அந்தக் கிழவி அங்கே இருப்பது பிடிக்கவில்லை. மகனைக் கொன்றவளை விடுவிக்க நடக்கும் ஒத்திகையை எந்தத் தாய் பொறுத்துக்கொள்வாள்? வெளியே உட்காரச் சொன்னால் மருமகள்தான் விடமாட்டேன் என்கிறாள். கிழவியோ எதுவும் காதில் விழாதவள்போல, தரையில் கிடந்த செல்போன் சார்ஜரை எடுத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தாள்.

"எத்தனை அடி அடிச்சே?"

"ஒண்ணுதான்க்கா."

"டாக்டர் ரெண்டு காயம்ங்கறார். ஒண்ணு நின்னுக்கிட்டிருந்தப்போ. இன்னொண்ணு, அவன் தரையில கிடந்தப்போ."

"சத்தியமா ஒண்ணுதான்."

"நல்லாக் கேட்டுக்கோ. உன் கழுத்தை நெரிக்கறவனை அடிச்சா சட்டம் உன் பக்கம். விழுந்துகிடக்கறவனை அடிச்சா அது கொலை. நான் என்ன வாதாடினாலும் நிக்காது. உன் குழந்தை அம்மா இல்லாமத்தான் வளரும்."

வக்கீலம்மா போலீஸ் எடுத்த புகைப்படத்தை அவள் முன்னால் போட்டாள். தரையில் அவன் கிடந்தான். மேசைமேல் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்றது. வயர் அதன் கைப்பிடியில் வரிசை பிசகாமல் சுற்றியிருந்தது.

"கீழே போட்டுட்டு ஓடினேன்னு சொல்றே. இதைப் பார்க்கற ஜட்ஜ் என்ன நினைப்பார்? ஆற அமர ரெண்டாவது அடி அடிச்சு, கடையைக் கட்டற மாதிரி பெட்டியையும் எடுத்து வச்சிருக்கா, இவளுக்கு என்ன பயம் இருந்திருக்கும்னுதான் நினைப்பார். என்கிட்டயாவது உண்மையைச் சொல்லித் தொலை."

"இது நான் வச்சதில்லைக்கா" என்றாள் அவள்.

மாமியார் எழுந்து வந்தாள். குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"அத்தை, அதைப் பார்க்காதீங்க. வாங்க, நீங்க உட்காருங்க."

கிழவி நகரவில்லை. படத்தில் மகனுடைய நெற்றியை ஒரு விரலால் தடவினாள். பிறகு மருமகளின் கழுத்தில் விலகியிருந்த முந்தானையை இழுத்து மூடினாள்.

"இவ பொய் சொல்லலை வக்கீலம்மா. இவ அடிச்சதுல அவன் சாகலை. நான் உள்ளே வந்தப்போ முழிச்சுக்கிட்டான்."

தட்டெழுத்துச் சத்தம் நின்றது.

"ஏதாவது பேசினானா?" வக்கீலம்மாவின் குரல் தானாகவே தணிந்திருந்தது.

"'அவ எங்கே?'ன்னு கேட்டான். தலையில ரத்தம் ஊத்துது, அம்மான்னு ஒரு வார்த்தை இல்லை. அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டுக்கிட்டே கையை ஊனினான்."

"அப்புறம்?"

"நான்தான் அவனை எந்திரிக்க விடலை."