துரை கொடுத்த உப்பு

வத்தேகமக் கோப்பித் தோட்டத்தில் பொழுது விடிந்தால், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு துரை வந்துவிடுவார். ஆளாளுக்குக் கரித்தூளும் உப்பும் கொடுத்து, பல் விளக்க வைத்து, ஈறுவரை பார்ப்பார்.

“பெத்த அப்பன்கூட நம்மள இப்படிப் பாத்ததில்ல, புள்ள!” மூலை உடைந்த முன்பல் தெரிய மனைவி பேச்சாயியிடம் சிரிப்பான் சடையன்.

மாசியில் அவனைப் பேதி வாரிக்கொண்டு போனது. பிணத்தை முகம் மூடிக் கட்டித்தான் கொடுத்தார்கள்.

“ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேங்க.”

“தொத்திக்கும், தெறக்காத!” என்றான் கங்காணி.

சித்திரையில், கண்டிக்குப் போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வந்த துரையின் கையில் கைக்குட்டை இல்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த பேச்சாயியைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தார்.

அந்த வாயில், மூலை உடைந்த அதே முன்பல் தெரிய, சடையன் சிரித்தான்.