வந்துருச்சு

ரிஸ்வானா ஐந்து மாதங்களில் பத்தொன்பது கிலோ குறைந்தாள். காலையில் ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, மத்தியானம் அரை ஆப்பிள், அவ்வளவுதான். பழைய சுடிதார்களைப் பிடித்துத் தைத்துக் கொடுத்த அக்கா பல்கீஸுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலிலும் ரிஸ்வானா காலுறை போட்டுக்கொண்டு படுத்தாள். மாதவிலக்கு நின்றுபோனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாடிப்படியில் மயங்கி விழுந்த அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. டாக்டரம்மா நாடியை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "உடம்பு தன்னைக் காப்பாத்திக்க ஒவ்வொண்ணா நிறுத்திட்டு வருதும்மா. இப்ப இதயமே மெதுவாத்தான் அடிக்குது."

மறுபடி சாப்பிடத் தொடங்கிய முதல் வாரம் நாலு வாய்க் கஞ்சிக்கே அழுதாள். பல்கீஸ் எதிரே உட்கார்ந்து தானும் அதே கஞ்சியைக் குடித்தாள். கஞ்சி இட்லியானது, இட்லி சோறானது. எடை பார்க்கும் மெஷினை ரிஸ்வானாவே பரண்மேல் தூக்கிப் போட்டாள்.

நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகக் கழிப்பறையிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"லாத்தா, வந்துருச்சு."

"யாருடி வந்தா?"

"யாருமில்ல லாத்தா. மாசாமாசம் வர்றது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அல்ஹம்துலில்லாஹ். வயிறு வலிக்குதா?"

"பயங்கரமா வலிக்குது," என்று சொல்லிச் சிரித்தாள் ரிஸ்வானா. யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள். அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.