நாலாவது பூ

"நெவேனா தோஷேவா வீடு இதுதானேம்மா? இந்தாங்க பூ."

"இதேதான். உள்ள வா தம்பி."

கார்னேஷன் பூக்களை வாங்கிய நெவேனா எண்ணிப் பார்த்துக் குழம்பிப்போனாள். நாலு. திங்கட்கிழமை யாரோ கதவடியில் வைத்துவிட்டுப் போனது ஆறு. புதன்கிழமை எட்டு. எல்லாமே இரட்டைப்படை. ரூஸே நகரத்தில் பிறந்தவர்களுக்குப் பூ கொடுக்கக்கூடவா தெரியாது?

வந்தவன் பிளாமென், பேருந்து ஓட்டுநர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.

"'உப்புப் படகு' படிச்சேம்மா. ரெண்டு தடவை!"

அவளால் நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவள் எழுதி வெளிவந்து, கிடங்கிலேயே தூங்கிய நாவல் அது. அடுத்த நாவலை எழுதி முடித்தும் பதினோரு வருடமாகிறது. "உங்களை யார் வாசிக்கிறாங்க?" என்று கேட்டுப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய பிரதி மேசைமேல்தான் கிடக்கிறது.

"அது உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

"தெமெனுகான்னு ஒரு பொண்ணு இணையத்துல விமர்சனம் எழுதுறா. இலக்கியம்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க சமாச்சாரம்னு ஒதுங்கியே இருந்தேன். அவ ஒவ்வொரு அத்தியாயமா, நமக்குப் புரியுற மாதிரி பிரிச்சுச் சொன்னா. அதுக்குக் கீழ நாங்க போடுற சண்டையப் பாக்கணுமே! கசாப்புக்கடைக்காரர், நர்ஸம்மா, நானு... படகுக்காரி புருஷனை மன்னிச்சது தப்புன்னு நான் சொல்றேன்."

"தப்பேயில்ல!" என்றாள் நெவேனா வெடுக்கென்று. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இனி எந்தப் பதிப்பாளர் மறுப்பார்?

சந்தோஷத்தோடு மூன்று பூக்களை ஜாடியில் வைத்து, நாலாவதை ஓரமாகப் போட்டாள்.

பிளாமெனின் முகம் வாடியது. "ஏம்மா, ஒண்ணை எடுத்துட்டீங்க?"

"நம்ம ஊர்ல இரட்டைப்படையில பூ வைக்கிறது கல்லறைக்குத்தானேப்பா?"

"அதனாலதாம்மா நாலு வாங்கினேன். அந்த எழுத்தாளரம்மாவோட கல்லறை எங்கன்னு தெரியல, வீட்டுக்கே வந்துட்டேன். 'இவ்ளோ நல்லா எழுதினவங்க உயிரோட இருந்தா இன்னொரு நாவல் எழுதாமலா இருந்திருப்பாங்க?'ன்னு தெமெனுகா எழுதியிருந்தா. அவங்க இறந்துட்டாங்கன்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. இப்போ பதிப்பாளருங்க எல்லாம், அவங்க ஏதாவது எழுதி வச்சிட்டுப் போனாங்களான்னு தேடுறாங்களாம். நீங்க அவங்க தங்கச்சியாம்மா?"

நெவேனா மேசையைப் பார்த்தாள். பிறகு பூவைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. அக்கா ஒரு நாவலை முடிச்சு வச்சிட்டுத்தான் போனா" என்றபடி, ஓரமாகக் கிடந்த நாலாவது பூவை எடுத்து ஜாடியில் செருகினாள்.