கடைசி பட்டன்

“எழுத்து ஒண்ணுகூட இருக்கக் கூடாது தம்பி. எல்லா பட்டன்லயும் படம்தான்” என்றாள் வீட்டுக்கார அம்மா.

டெக்னீசியன் தொடுதிரை ரிமோட்டை லேப்டாப்பில் இணைத்து, பழைய பட்டன் படங்களை ஒவ்வொன்றாக அழித்தான்.

“சத்தம் கூட்ட?”

“சிங்கம். குறைக்கப் பூனை.”

“டிவியை நிறுத்த?”

“தூங்குற நாய்.”

சிரித்துவிட்டான். “சரியான வாலு போலிருக்கு! இன்னும் ஸ்கூல்ல சேர்க்கலையா?”

அவள் தன் போட்டோவை நீட்டினாள். “கடைசி பட்டன்ல இது. அமுக்கினா சமையலறையில மணி அடிக்கணும்.”

“அம்மான்னு ஒரு குரல் கொடுத்தா ஓடி வந்துட மாட்டீங்க?”

“நீங்க படத்தைப் போடுங்க தம்பி.”

வேலை முடிந்ததும் ரிமோட்டை உள்ளறைக்கு எடுத்துப் போனாள். கட்டிலில் அவள் கணவர் சாய்ந்திருந்தார். முப்பத்தைந்து வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு எழுத்தும் புரியவில்லை, பேச்சும் எழவில்லை.

ஒவ்வொரு படத்தையும் அவருக்குக் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். உடனே மணி அடித்தது. ஓடி வந்தாள்.

“தண்ணி வேணுமா?”

இல்லையென்று தலையாட்டினார். அவள் திரும்பிப் போனதும் மறுபடி மணி.

“ஃபேன் போடட்டுமா?”

அதற்கும் இல்லையென்றார். விரல் அவள் படத்தின் மேலேயே இருந்தது.

“பட்டன்ல ஏதாவது கோளாறாம்மா?” ஹாலிலிருந்து டெக்னீசியன் கேட்டான்.

“ஒண்ணுமில்ல தம்பி” என்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். “சும்மா கூப்பிடுறாரு.”